வெளிநாட்டில் துன்புறும் ஐரீனாவுக்காக

உபதேசியார் சவரிமுத்து மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார்.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில், என் மனைவி ஊர் மாதா கோவில். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிப் பூசை. கடைசி பெஞ்சின் ஓரத்தில், சுவரில் மாட்டிய மின்விசிறிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். பிறப்பால் நான் லுத்தரன். கத்தோலிக்கக் கோவிலில் மாப்பிள்ளை என்ற உரிமையில் எனக்குக் கிடைத்திருப்பது அந்த மின்விசிறி ஒன்றுதான்.

"மறைந்த ஞானப்பிரகாசத்தின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மனைவி மக்கள். புது டிராக்டர் வாங்கியதற்கு நன்றியாக, லூர்துசாமி குடும்பத்தார். வெளிநாட்டில் துன்புறும் ஐரீனாவுக்காக, தெரிந்தவர்கள்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஐரீனா எனக்கும் தெரிந்தவள். அவளுடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. கோபம் வந்தால் பேசமாட்டாள், பாத்திரம் கழுவுவாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளை உண்டாக்கியவனே நான்தான். ஒரு வாரப் பத்திரிகையில் பதினெட்டு வாரமாக அவள் கதையை எழுதிக்கொண்டிருந்தேன். கதைப்படி அவள் வாழ்ந்து ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்குத்தான் இந்த ஊரில் பூசைக்கருத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சிறு சிக்கல். முந்தின வெள்ளிக்கிழமைதான் அவள் தலையை வெட்டி, அத்தியாயத்தை ஆசிரியருக்கு அனுப்பியிருந்தேன்.

நைல் நதிக்கும் வாய்க்கால் உண்டு

அந்தத் தொடர் வந்தது நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையில் அல்ல. இதைவிடச் சின்னது. அதன் ஆசிரியர் குமரேசன் ஒருநாள் போன் செய்தார். "சார், சரித்திரத் தொடர் வேணும். ஆதிகாலக் கிறிஸ்தவங்க. விசுவாசமும் இருக்கணும், காதலும் இருக்கணும். ரெண்டும் மோதணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எந்த ஊரில் மோதவைப்பது என்ற கேள்வி வந்தது. ரோமாபுரி என்றால் ஏழு குன்று. நான் தஞ்சாவூர்க்காரன். எங்கள் பக்கத்தில் குன்று என்றால் களத்து வைக்கோல்போர். மலை ஏறுகிற பாத்திரத்துக்கு எங்கே மூச்சு வாங்கும் என்று எனக்குத் தெரியாது.

அலெக்சாந்திரியாவைப் பற்றிப் படித்ததும் நிம்மதி வந்தது. ஓர் ஆறு கிளைகிளையாகப் பிரிந்து கடலில் விழுகிறது. வண்டல் மண். எங்கு பார்த்தாலும் வாய்க்கால், தானியம், தானியத்துக்கு வரி, வரி வாங்க அதிகாரி. நமக்குத் தண்ணீர் வருகிற மாதத்தில்தான் நைல் நதியிலும் வெள்ளம் வருமாம். அதைப் படித்தபோது சொந்தக்காரர் வீட்டு விலாசம் கிடைத்ததுபோல் இருந்தது.

அதனால் என் அலெக்சாந்திரியாவில் எல்லாமே கொஞ்சம் நீடாமங்கலமாக இருக்கும். ஐரீனாவின் அப்பா வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போடுவார். ஒரு வாசகர், ஐயா, அவர்கள் வயல் ஒருபோகமா இருபோகமா என்று கேட்டுக் கடிதமே எழுதினார்.

கதை சுருக்கமாக இதுதான். ரோமப் பேரரசன் ஓர் ஆணை போடுகிறான். நாட்டில் எல்லோரும் அரசு தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும்; செலுத்தியதற்கு அதிகாரி முன்னிலையில் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். இது என் கற்பனை இல்லை. அப்படிப்பட்ட சான்றிதழ்கள் எகிப்து மணலில் இன்றும் கிடைக்கின்றன. படித்தபோது எனக்குத் தாலுகா ஆபீசில் சிட்டா அடங்கலுக்கு நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. ஆயிரத்து எழுநூறு வருடத்தில் மனித குலம் வரிசையில் ஓரடிகூட நகரவில்லை.

அந்தச் சான்றிதழ்களை எழுதும் குமாஸ்தா தியோன். அவன் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் ஐரீனாவைக் காதலிக்கிறான். அவள் பலி செலுத்தமாட்டாள் என்று தெரிந்து, செலுத்திவிட்டதாகத் தானே ஒரு சான்றிதழ் எழுதி அவள் கையில் வைக்கிறான். அவள் அதைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறாள். "இதில் இருக்கிறவள் யாரோ, தியோன். நீ காதலிப்பது இவளையா, என்னையா?" என்கிறாள்.

அந்த வரியை எழுதிவிட்டு நானே எழுந்துபோய் ஒரு காப்பி போட்டுக்கொண்டேன்.

கையெழுத்துப் போட்டவன்

ஐரீனா மாதிரி உறுதியான ஆள் நான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அமலாவை நான் கல்யாணம் செய்துகொள்ளப் போனபோது, பங்குச்சாமியார் ஒரு படிவத்தை நீட்டினார். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தடை சொல்லமாட்டேன் என்று அதில் இருந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் படிக்கவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

என் அப்பா தரங்கம்பாடி லுத்தரன் பரம்பரை. வீட்டுக்கு வந்ததும், "படிச்சுப் பாத்துதான் போட்டியாடா?" என்றார்.

"படிச்சேம்ப்பா."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"அமலான்னு எழுதியிருந்துச்சு."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பதிலுக்கு ஞானப்பாட்டுகளை வழக்கத்தைவிட உரக்கப் பாடினார்.

ஐரீனா ஒரு காகிதத்தை மறுத்து வாளுக்குக் கழுத்தை நீட்டினாள். நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இருபத்தாறு வருடமாக மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். கதாநாயகராகும் தகுதி எங்களில் யாருக்கு என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

இட்லிக்கு நடுவே ஒரு வெற்றிவீரன்

பூசை முடிந்து அமலாவின் அக்கா ஸ்டெல்லா வீட்டுக்குப் போனோம். ஸ்டெல்லா என்பது அவர் நிஜப்பெயர் அல்ல. இதை எழுத அனுமதி கேட்டபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை அது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மேசையில் யாருக்கு எத்தனை இட்லி என்பது அவருக்கு நம்மைவிடச் சரியாகத் தெரியும். கணவர் ஆரோக்கியம், என் சகலை. சம்பா நடவு நடந்துகொண்டிருந்ததால் நகக்கண்ணில் சேறோடு சாப்பிட உட்கார்ந்தார்.

"சகல, அந்த ஐரீனா யாருன்னு தெரியுமா?" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"குவைத்துல வீட்டு வேலைக்குப் போன புள்ளையாம். பாஸ்போர்ட்டப் புடுங்கி வச்சிக்கிட்டு விடமாட்டேங்குறானாம் அரபி. ரெண்டு வாரமா பேரு படிக்கிறாங்க. நம்ம தெரு அன்பியக் கூட்டத்துலகூட அந்தப் புள்ளைக்காக ஒக்காந்து செபமாலை சொன்னோம். நானே மாலைல அம்பத்துமூணு மணியும் உருட்டிச் சொன்னேன். நடுவுல எந்திரிக்கல."

"மச்சான் நடுவுல எந்திரிக்கலைன்னா அந்த அரபி பயந்து விட்டுருவான்," என்றாள் அமலா.

நான் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்தேன். எழுத்தாளர்கள் இதற்கென்றே ஒரு புன்னகை வைத்திருப்போம்.

"குவைத் இல்ல சகல. அலெக்சாந்திரியா."

அமலா முதலில் புரிந்துகொண்டாள். "அய்யய்ய, உங்க ஐரீனாவா?"

"பின்ன? இந்த ஜில்லாவுல வேற எந்த ஐரீனா துன்பத்துல இருக்கா? படிக்கிற ஜனம் அவளை நெசம்னே நம்பிருச்சு. இதுக்கு மேல ஒரு எழுத்தாளனுக்கு என்ன வேணும்? சாயங்காலம் சவரிமுத்துவப் பாத்து, சீட்டுக் குடுத்தது யாருன்னு கேக்கப்போறேன். அந்த வாசகரைப் பேட்டி எடுத்து, போட்டோவோட அடுத்த வாரமே பத்திரிகைல போடுறேன்."

ஸ்டெல்லா அக்கா குழம்புக் கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டார்.

"தம்பி, செத்த கொல்லைப் பக்கம் வாங்க. முருங்கைக்காய் பறிச்சுத் தரேன். தஞ்சாவூருக்கு எடுத்துட்டுப் போவீங்க."

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். முருங்கைக்காய் பறிக்க யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். புகழ் காதை அடைத்திருந்தது.

முருங்கை மரத்தடியில்

"அந்தச் சீட்டு நான் குடுத்தது," என்றார்.

"அக்கா! நீங்க என் தொடரப் படிக்கிறீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க தம்பி. ஒரு வரி படிச்சதில்ல. அமலா போட்டுட்டுப் போன புஸ்தகம் மேசைல கிடந்துச்சு. அந்தப் பேரு கண்ணுல பட்டுச்சு. எழுதிக் குடுத்துட்டேன். யாரு இதுன்னு சவரிமுத்து கேட்டாரு. தெரிஞ்ச பொண்ணு, வெளிநாட்டுல கஷ்டப்படுதுன்னு சொன்னேன். குவைத்து, அரபியெல்லாம் ஊர்ல அவங்களாச் சேத்துக்கிட்டது."

"எதுக்குக்கா?"

அவர் கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்புக்கு மேலேயே இடது அக்குளுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு கட்டி. ரெண்டு மாசமா இருக்கு. போன வாரத்துக்கு முந்தின வாரம் தஞ்சாவூர் போயி ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கக் குடுத்துருக்கேன். வர்ற புதன்கிழமை ரிசல்ட்டு."

கணக்கு டீச்சர் குரல் அப்படியே இருந்தது. விரல்தான் அந்த இடத்தைவிட்டு வரவில்லை.

"யாரு கூட வந்தா உங்களோட?"

"யாரு வரணும்? பஸ்ஸு வருதே. புடவை எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். பொய் சொன்னதுக்காகத் திரும்பி வர்றப்ப நெசமாவே ஒரு புடவை எடுத்தேன்."

"சகலைக்குத் தெரியாதா?"

"நடவுக்கு ஆள் கிடைக்காம மனுசன் அலைஞ்சிட்டிருக்காரு. சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு எம் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்துருவாரு. புதன்கிழமைக்குள்ள நட்டு முடிக்கட்டும்."

"அமலாவுக்கு?"

"அவகிட்ட சொல்றதும் சவரிமுத்து மைக்குல சொல்றதும் ஒண்ணு."

என் இருபத்தாறு வருடக் குடும்ப அனுபவமும் அதையேதான் சொல்லும்.

"பூசைக்கு எம்பேரைக் குடுக்க முடியாது தம்பி. காலைல படிச்சா சாயங்காலம் பத்து வீட்டுலேருந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா வந்துருவாங்க. என்னாச்சு டீச்சர்னு கையைப் புடிப்பாங்க. அதத் தாங்க முடியாது. அதான் அந்தப் பேரு. பேரு மாறுனா என்ன, சாமிக்கு விலாசம் தெரியாதா?"

"புதன்கிழமை நான் வர்றேன்," என்றேன். "பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்." அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிலிருந்துதான் அவருக்கு எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரிந்தது.

உள்ளே போகும்போது, பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார்: "ஆமா, கதைல அந்தப் பொண்ணு நல்லாத்தானே இருக்கா?"

"இருக்கா," என்றேன். "நல்லா இருக்கா."

முருங்கைக்காய் யாருமே பறிக்கவில்லை.

அய்யனார் மீசை வைத்த ரோமச் சிப்பாய்

சகுனம் பார்க்கிறவன் இல்லை நான். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழி விடுவேன். நேர்ச்சைகளைப் பற்றி நான் எழுதிய நையாண்டிக் கட்டுரைக்காக என் மாமியார் வீட்டில் எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் கேக்கே கிடைக்காமல் போயிருக்கிறது.

ஆனால் ஊரே மண்டியிட்டு ஐரீனா ஐரீனா என்று மன்றாடிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெயரின் அடியில் ஸ்டெல்லா அக்கா நின்றுகொண்டிருக்கும்போது, புதன்கிழமை காலை கடைக்கு வரும் இதழில் ஐரீனாவின் தலை விழவேண்டுமா? பகுத்தறிவு பெஞ்சில் உட்காரட்டும். நான் பம்புசெட் பக்கம் போய் ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

"குமரேசன், ஐரீனா சாகக் கூடாது."

"சார், வெள்ளிக்கிழமையே வெட்டியாச்சே சார்."

"அத மாத்தணும்."

"சார், விளையாடாதீங்க. ஓவியர் படம் போட்டுக் கலர் ஃபாரம் அச்சு ஓடிருச்சு. ரெண்டு பக்கப் படம். சிப்பாய் கத்திய ஓங்கியாச்சு."

"எழுத்து?"

"எழுத்து ஃபாரம் நாளைக்கு மதியம். ஏன் சார், எதாவது மிரட்டலா?"

"ஆமா," என்றேன். பொய் என்று முழுக்கச் சொல்ல முடியாது.

"அப்ப காலைல பத்து மணிக்குள்ள தந்துருங்க. அதே நீளம். ஒரு வரி கூடக் குறையக் கூடாது. முக்கியமா சார், படத்தோட ஒத்துப்போகணும். கத்தி ஓங்குனது ஓங்குனதுதான்."

படத்தை வாட்ஸப்பில் அனுப்பினார். ஐரீனா முழந்தாளிட்டிருக்கிறாள். கைகள் முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. தலைக்கு மேலே வாளை ஓங்கியபடி ஒரு ரோமச் சிப்பாய், அவனுக்கு எங்கள் எல்லை அய்யனாரின் மீசை. தூரத்தில் இரண்டு பனைமரம். ஓவியரும் டெல்டாக்காரர்தான்.

அன்று மதியம் ஸ்டெல்லா அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன். எழுத்தாளருக்கு உத்வேகம் வந்துவிட்டதென்று அமலா டிவியை அணைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை.

முதலில் தியோனின் பொய்ச் சான்றிதழை அவளை வாங்கிக்கொள்ள வைக்கலாமா என்று பார்த்தேன். சுலபமான வழி. ஆனால் மூன்று வாரம் அவள் பேசிய பேச்செல்லாம் என்னாவது? அதோடு, அந்தப் பெயர் இப்போது எனக்கு மட்டும் சொந்தமில்லை. அதன்மேல் ஒரு பொய்யை வைக்கக் கை வரவில்லை. கட்டடம் இடிவது, பூமி அதிர்வது எல்லாம் யோசித்தேன். வண்டல் மண்ணில் பூமி அதிர்ச்சியை எழுத எனக்குத் தெரியாது.

கடைசியில் சரித்திரமே கை கொடுத்தது. அந்தப் பேரரசன் நீண்ட நாள் இருக்கவில்லை. போருக்குப் போய் இறந்தான்; ஆணையும் பிசுபிசுத்துப் போனது. நான் செய்ததெல்லாம் அவனைச் சில மாதம் முன்கூட்டியே சாகடித்ததுதான். துறைமுகத்தில் கப்பல் ஒதுங்குகிறது. செய்தியோடு தியோன் ஓடி வருகிறான். நைல் நதிச் சேற்றில் இருமுறை வழுக்கி விழுகிறான்; நீளம் சரியாக வரவேண்டும் அல்லவா? ஓங்கிய வாள் ஓங்கியபடி நிற்கிறது. பிறகு இறங்குகிறது, அவளைக் கட்டியிருந்த கயிற்றின் மேல்.

ஒரு பெண் பிழைக்க ஒரு பேரரசன் போனான். மாலை ஐந்து மணிக்கு அதை அனுப்பிவிட்டு, எனக்கு ரொம்ப நாள் கழித்து நன்றாகப் பசித்தது.

கட்டிப்போட்ட இடத்தில்

புதன்கிழமை தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் அக்கா இறங்கினார். புதுப் புடவை. பொய்க்கு எடுத்த அதே புடவை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். நாற்காலிகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து இணைத்தவை. ஒருவர் காலாட்டினால் வரிசையே ஆடும். அன்று எல்லோருமே ஆட்டினார்கள்.

வழியில் வாங்கிய புது இதழ் என் மடியில் இருந்தது. "குடுங்க," என்று வாங்கினார். நடுப் பக்கத்தைப் பிரித்ததும் படம்தான்.

"இவதானா?"

"இவதான்."

"நல்லா இருக்கான்னு சொன்னீங்க?"

"படிங்கக்கா."

"முன்னாடி நடந்தது எனக்குத் தெரியாதே. எதுக்குக் கட்டிப் போட்ருக்கான் இந்த மீசைக்காரன்?"

பதினேழு வாரக் கதையை ஐந்து நிமிடத்தில் சொன்னேன். சொல்லும்போது அது ஐந்து நிமிடக் கதைதான் என்பதும் தெரிந்துபோனது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"காகிதத்த வாங்கிக்கிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றார் அந்த அம்மா.

ஸ்டெல்லா அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கிருக்கலாம்," என்றார். "ஆனா அப்பறம் ஒவ்வொரு நாளும் அவன் மூஞ்சியப் பாத்து அந்தப் பொய்யோட இருக்கணும்ல. புருசங்கிட்ட ஒண்ண மறைச்சு வச்சுட்டு சோறு போடுறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்."

என்னுடைய மொத்தத் தொடரில் நான் சொல்ல முயன்றது அதுதான். அவ்வளவு தெளிவாக வரவில்லை.

அவர் படிக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் போயிருப்பார். பெயரைக் கூப்பிட்டார்கள். நிஜப் பெயரை. இதழை மூடாமல் நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தாளைப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்வதற்குள் எனக்கு மூன்று வயது கூடியது.

"ஒண்ணுமில்லம்மா. சாதாரண கட்டிதான். புற்றுநோய் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க, போதும்."

"ரெண்டு தடவ சரிபாத்தீங்களா?" என்றார் அக்கா. கணக்கு டீச்சர்.

"பாத்தாச்சும்மா. ரெண்டு பேரு கையெழுத்துப் போட்ருக்காங்க, பாருங்க."

அவர் தாளை வாங்கி, இரண்டு கையெழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்தோம். நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன். ஓடி வந்த தியோனுக்கு எங்கே மூச்சு வாங்கியிருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பேன்.

"வாங்கக்கா, ஒரு காப்பி சாப்பிடுவோம்."

"இருங்க தம்பி," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய நாற்காலிக்கே போய் உட்கார்ந்து இதழைத் திருப்பினார். "அவளைக் கட்டிப்போட்ட எடத்துலயே விட்டுட்டு வந்துட்டேன்."

கடைசி வரிவரைக்கும் படித்தார். பக்கத்து அம்மா, "வெட்டிட்டானா?" என்றார்.

"இல்லைங்க. கயித்தத்தான் வெட்டுறான்."

"அப்பாடி," என்றார் அந்த அம்மா. அவருடைய முறை இன்னும் வரவில்லை. அக்கா எழும்போது அவர் கையில் இதழைக் கொடுத்துவிட்டு வந்தார்.

காப்பிக் கடையில் என்னிடம் சொன்னார்: "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சரியா அந்த நேரத்துல ராஜா செத்தான்னு கப்பல் வர்றதெல்லாம் நம்புற மாதிரி இல்ல தம்பி."

"தெரியும்க்கா."

"இருந்தாலும் பரவால்ல. அப்படியே இருக்கட்டும்."

தாராசுரத்திலிருந்து ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவரும் அடுத்த வாரம் இதையேதான் எழுதினார். ஆனால் அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

தெரிந்தவர்கள்

அன்று சாயங்காலமே அக்கா வீட்டிலும், போனில் அமலாவிடமும் சொல்லிவிட்டார். அமலா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் பாத்திரம் நிறையக் கழுவினாள். ஆரோக்கியம் வயலிலிருந்து வந்து, முழங்கால் சேற்றோடு நின்றபடியே கேட்டாராம்.

"அப்ப அந்த அம்பத்துமூணு மணி?"

"எனக்குத்தான்."

"முன்னாடியே சொல்லிருந்தா இன்னுங் கொஞ்சம் கவனமா சொல்லிருப்பேன்ல," என்றாராம். பிறகு காலைக் கழுவாமலே உள்ளே வந்துவிட்டாராம். அக்கா அதற்குத் திட்டவும் இல்லையாம்.

அந்த ஞாயிறு நாங்கள் மறுபடியும் போயிருந்தோம். மின்விசிறிக்கு எதிரே நான். சவரிமுத்து மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"வெளிநாட்டில் துன்பத்திலிருந்து விடுதலை பெற்ற ஐரீனாவுக்காக நன்றியாக..." ஒரு முறை சீட்டைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "ஸ்டெல்லா டீச்சர், ஆரோக்கியம் குடும்பத்தார்."

நான்கைந்து முக்காடுகள் திரும்பின. பூசை முடிந்து வாசலில் செருப்புத் தேடும்போது, ஒரு பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஒங்களுக்குத் தெரிஞ்ச புள்ளதானா அது? நாங்கல்லாம் எவ்வளவு வேண்டுனோம் தெரியுமா? ஊருக்கு வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"நல்லாயிருக்கா?"

"நல்லாயிருக்கா."

"மாதாவே! இனிமே அந்தப் பக்கமே போக வேணாம்னு சொல்லிருங்க டீச்சர்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆரோக்கியத்தைப் பார்த்தார். அவர் புதுச் சட்டை போட்டு, அக்காவின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"முழுசா விட முடியாதுங்க," என்றார் அக்கா. "ஆறு மாசத்துக்கு ஒருக்கா போயி ஒரு சர்ட்டிபிகேட் வாங்கணும்."

"தனியாவா அனுப்புறீங்க?"

"இல்ல," என்றார் ஆரோக்கியம். "நான் கூடப் போறேன்."